அபூஜாவில் அளித்த இரு வாக்குகள்

மருந்தே இல்லாமல் மக்கள் மடிவது ஒரு துயரம்; மருந்து இருந்தும் அதை வாங்கப் பொருளின்றி மடிவது அதனினும் கொடிய துயரம். எய்ட்ஸ் நோயின் வரலாற்றில் ஆப்பிரிக்கா கண்டது இந்த இரண்டாவது துயரத்தையே.

1996ஆம் ஆண்டு வான்கூவர் நகரில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில், மூன்று மருந்துகளைச் சேர்த்து அளித்தால் எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கலாம் என்னும் நற்செய்தி வெளியாயிற்று. செல்வ நாடுகளில் சாவு விரைந்து குறைந்தது. ஆனால், ஒருவருக்கு ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். நோயாளிகளில் பெரும்பாலோரோ சஹாராவுக்குத் தெற்கே வாழ்ந்த ஏழைகள். 2000ஆம் ஆண்டு டர்பன் மாநாட்டில் தென்னாப்பிரிக்க நீதிபதி எட்வின் கேமரன், தம்மையும் இந்நோய் பற்றியிருப்பதை எடுத்துரைத்து, மருந்தை விலைகொடுத்து வாங்க முடிந்ததாலேயே தாம் உயிருடன் நிற்பதாகக் கூறினார். வாங்க இயலாதோரின் கதி என்ன?

இவ்வினாவுக்கு முதல் விடை பம்பாயிலிருந்து வந்தது. குவாஜா அப்துல் ஹமீது 1935இல் நிறுவிய சிப்லா நிறுவனத்தை அப்போது நடத்தி வந்தவர் அவருடைய மைந்தர் டாக்டர் யூசுப் ஹமீது. அவர் 2001 பிப்ரவரியில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு இம்மும்மருந்தை ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தர முன்வந்தார். விலைச்சுவர் இடிந்தது. எனினும் 350 டாலரும் ஏழை நாடுகளுக்கு எட்டாத தொகையே.

அதே ஆண்டு ஏப்ரலில் நைஜீரியத் தலைநகர் அபூஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடினர். அங்கே இரு பேச்சுகள் எழுந்தன. ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான், இந்நோயை எதிர்க்க ஆண்டுக்கு 700 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை தேவை என்று உலகை நோக்கிக் குரல் கொடுத்தார். தலைவர்களோ, தத்தம் நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டை மக்கள் நல்வாழ்வுக்கு ஒதுக்குவோம் என உறுதி பூண்டனர்.

முதற்குரலுக்குப் பலன் கிட்டியது. 2002 ஜனவரியில் ஜெனீவாவில் உலக நிதியம் தோன்றியது. 2003 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அத்திட்டத்தால் இரண்டரைக் கோடி உயிர்கள் காக்கப்பட்டதாக அமெரிக்க அரசு கணக்கிட்டுள்ளது. கொடுத்தவர்களின் நோக்கம் எதுவாயினும், பிழைத்த தாய்மார்களும் பிள்ளைகளும் மெய். அந்நன்றியை மறத்தல் அறமாகாது.

இரண்டாம் வாக்கு என்னாயிற்று? பெரும்பாலான நாடுகள் அந்த 15 விழுக்காட்டை எட்டவே இல்லை. வறுமையும் கடன்சுமையும் தடுத்தன என்பது உண்மை. பிறர் பொருள் தடையின்றி வந்துகொண்டிருந்தமையால் தன் கடமை தள்ளிப்போனதும் உண்மையே. வந்த பணமும் பல இடங்களில் அரசு மருத்துவமனையின் வழியே செல்லாமல், தனி ஊழியர், தனிக் கிளினிக், தனிக் கணக்கு என வேறாகவே ஓடியது.

இதன் விளைவு 2025 ஜனவரி 20 அன்று வெளிப்பட்டது. அதிபர் டிரம்ப் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்க ஆணையிட்டார். உயிர்காக்கும் மருந்துக்குச் சில நாட்களில் விலக்கு அளிக்கப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் ஊழியர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். கிளினிக்குகளின் கதவுகள் அடைபட்டன. தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்கப் பணத்தில் இயங்கிய நிலையங்கள் மூடப்பட்டன. ஆனால், மருந்தில் பெரும்பகுதியைத் தன் கருவூலத்திலிருந்தே வாங்கி வந்த நாடு அது. ஆகவே மருந்து அடியோடு அற்றுப்போகவில்லை.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பர் நம் முன்னோர். எச்.ஐ.வி. மருந்து ஒருநாள் உண்டு விடும் மருந்தன்று. வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியது. கொடையோ ஆண்டுதோறும் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. வாழ்நாள் தேவையை ஆண்டுக்கொடையின்மேல் நிறுத்தியதே பிழை. அபூஜாவில் உலகிடம் கேட்டது கிடைத்தது; தம்மிடம் தாமே கேட்டுக்கொண்டதுதான் இன்னும் நிலுவையில் நிற்கிறது.