சம்பந்தி வீட்டுக்குச் சமுத்திரம் தாண்டி

ஊரின் பெயர் மல்லசமுத்திரம். பெயரிலே கடல் இருக்கிறது. ஊரிலே பருத்திக் காடு, நிலக்கடலைக் காடு, தறிச் சத்தம். உண்மைக் கடலைக் காணக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஏரி நிறைந்தால் அதையே சமுத்திரம் என்றழைத்து மகிழ்ந்தனர் நம் முன்னோர். அந்த ஏரி வற்றிய ஆண்டுகளிலேதான் இச்சமவெளி மக்களுக்கு உண்மைச் சமுத்திரத்தின் அறிமுகம் வாய்த்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. அதற்கு முன்பும் பின்பும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து குடும்பங் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டினர் கங்காணிகள். கடல் கடந்தால் குலம் கெடும், திரும்பியவன் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று சீமைக்குப் படிக்கப் போன செல்வர் வீட்டுப் பிள்ளைகளை மிரட்டியவர்கள், கங்காணியின் பின்னே போன கூட்டத்தைக் கண்டு வாய் திறந்தார்களா? ஏழைக்குக் கடல் தீட்டில்லை போலும்!

போனவர்கள் உறவை விட்டுப் போகவில்லை. அக்காள் மகளுக்கு ஊரிலே மாப்பிள்ளை, அத்தை மகனுக்குத் தோட்டத்திலே பெண் என்று கொடுக்கல் வாங்கல் தொடர்ந்தது. எனவே கடலுக்கு இப்பால் கணவன் வீடு, அப்பால் தாய்வீடு. அல்லது அதற்கு நேர்மாறு. தலைப்பிரசவம், தம்பியின் திருமணம், தந்தையின் சாவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடற்பயணம்.

அந்தப் பயணம் எத்தகையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே கால்நடையாகக் கடற்கரை சேர்ந்து, தோணியிலே மன்னார் கடந்து, காட்டு வழியே மாத்தளை நோக்கி நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பலரை அவ்வழியிலேயே புதைத்தன. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் ஈரோடு, திருச்சி வழியாக மண்டபம், தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பல். தலைமன்னார் 22 மைல்தான். இரண்டு மணி நேரக் கடல். பிறகு அனுராதபுரம் வழியே பொல்காவலை, அங்கே வண்டி மாறி மலைநாடு. கைக்குழந்தையும் கட்டுச்சோறும் சுமந்து, பலகை இருக்கையிலே உட்கார்ந்து உறங்கி வந்தவளுக்குக் கடல் பெரும் துன்பமாக இருந்திராது. கரைதான் துன்பம்!

மண்டபம் முகாமை நினைத்துப் பாருங்கள். இந்திய மண்ணிலே இலங்கை அரசு நடத்திய முகாம் அது. பிளேக்கும் காலராவும் தீவுக்குள் நுழையாதிருக்கத் தோட்டத் தொழிலாளரை நாட்கணக்கிலே அங்கே அடைத்து வைத்துச் சோதித்தனர். நோய்த் தடுப்பு வேண்டியதே. அறிவியலை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் நோய்க்கிருமி மேல்வகுப்புச் சீட்டைக் கண்டால் ஒதுங்கிப் போகுமா? துரையும் வணிகப் பெருமகனும் கப்பல் தட்டிலே காற்று வாங்க, அவர்கள் குடிக்கும் தேயிலையைப் பறித்தவள் கம்பி வேலிக்குள்ளே காத்திருந்தாள்.

1939 ஆகஸ்டு முதல் நாள் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. இலங்கை அரசு இந்தியக் கூலிகளை வேலை நீக்கியதற்கு அது பதிலடி. அடி யார் மீது விழுந்தது? ஊர் போனால் திரும்ப முடியுமோ என்ற அச்சத்திலே, தாயின் முகம் காண வர அஞ்சினர் தோட்டத்து மக்கள். 1942-இல் தடை தளர்ந்தது.

கொடுமையின் உச்சி இனிமேல்தான். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த 3-ஆம் எண் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. மணமானவர் 1939 முதலும், மணமாகாதவர் 1936 முதலும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஒரே முறையாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது! கணவன் விண்ணப்பித்தால் மனைவியும் இடையறாது தீவிலே வாழ்ந்தவளாக இருக்க வேண்டும். தலைப்பிள்ளை பெறத் தாய்வீடு வந்தவள், குழந்தைக்குக் காய்ச்சல், மாமனாருக்கு நோய் என்று ஓராண்டைக் கடந்து தங்கிவிட்டால், அப்பயணமே அவள் கணவனுக்கு எதிரான சாட்சி. விதி என்று அழுதனர் அந்த மக்கள். விதிதான், ஆனால் பிரம்மன் எழுதியதன்று, கொழும்பிலே அச்சிட்டது, ஆண்டும் எண்ணும் உண்டு. 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. 1964 வரை குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

1964 அக்டோபர் 30 அன்று சிறீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆட்டு மந்தை பங்கிட்டாலும் குட்டியைத் தாயோடு விடுவான் இடையன். இங்கே தகப்பன் இந்தியக் குடி, மகள் இலங்கைக் குடி என்றாயிற்று. ஒரே லயத்திலே அடுத்தடுத்த அறையில் வாழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் பார்க்கக் கடவுச்சீட்டும் விசாவும் தேடும் அயல்நாட்டார் ஆயினர். மாமியார் வீடு போக மாட்டுவண்டி பூட்டிய சமவெளி மக்களுக்குத் தூதரகத்து வரிசையும், புரியாத மொழியிலே படிவமும் வந்து சேர்ந்தன.

ஒப்பந்தமான இரண்டாம் மாதமே, டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. 1984-இல், இனப்போரின் நடுவே, அதுவும் நின்றது. இந்தியா வரக் காத்திருந்தவர்கள் அங்கேயே நின்றனர். முன்பே வந்து சேர்ந்த அவர்கள் உடன்பிறப்புகள் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்திலும், பிற ஊர்களிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டிருந்தனர். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் கொழும்பிலே நிறைவேறியது 2003-இல். 1948-இலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்: ஐம்பத்தைந்து ஆண்டு.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டபோது மாலையும் மேளமுமாக வழியனுப்பினர். மகிழ்ச்சிதான். ஆனால் அது சேர்வது வடக்கு முனை; தேயிலை மலைகள் அங்கிருந்து வெகு தொலைவு. திருச்சியிலே விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொழும்பு. பிறகு அட்டனுக்கு மலைப்பாதை. ஏறிப் போகும் பேரப்பிள்ளைகள், பாட்டிக்கு வந்த பழைய கடித உறையைக் காட்டி வழி கேட்க வேண்டும். அதிலே தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. தோட்டத்தின் பெயரும், கங்காணியின் பெயருமே முகவரி.