மூன்று இழை

ஓரிக்கையில் என் சித்தி வீட்டுக்கு எதிரே, பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் பெரியவர் ஒருவர் இருந்தார். பள்ளி விடுமுறை முழுவதும் எனக்கு அவர் திண்ணைதான். "ஒத்தை இழையை இந்தப் பக்கம் முறுக்கினா, மூணையும் சேர்க்கிறப்போ அந்தப் பக்கம் முறுக்கணும், தம்பி. இல்லாட்டிப் பிரிஞ்சிடும்" என்பார். நம்முடைய தோலுக்குள்ளும் இதே சூட்சுமம்தான் என்று எனக்குத் தெரியவரப் பல வருஷங்களாயின.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் உறையாக இருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. ஆனால் கோடானுகோடி செல்களைச் சிதறாமல் பிடித்து வைப்பது சவ்வல்ல. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்ற புரதம். 1952ல் சென்னைக்கு வந்த லண்டன் விஞ்ஞானி பெர்னால், அதன் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டவர் ஜி. என். ராமச்சந்திரன். ஸர் சி. வி. ராமனிடம் பயின்றவர், முப்பது வயதில் சென்னை ஸர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவர்.

அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு மல்லாடினார்கள். நல்ல படத்துக்கு உதவியது எது தெரியுமா? ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வாலின் தசைநாண்! 1954ல் 'நேச்சர்' பத்திரிகையில் அறிவித்தார்கள்: கொலாஜனில் மூன்று சங்கிலிகள். அடுத்த வருஷம் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாக முறுக்கியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. திண்ணைப் பெரியவர் சொன்ன அதே கணக்கு! சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். முறுக்கின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை.

அதே 1955ல் கிரிக், ரிச் என்ற இருவர் ஆட்சேபணை கிளப்பினார்கள். மூன்று முறுக்கு சரி. ஆனால் சென்னைக்காரர்கள் போட்ட இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு அணுக்கள் தாங்க முடியாத அளவு நெருங்க வேண்டும். ஒரு பிணைப்புதான் சாத்தியம் என்றார்கள். சொன்னவர் கிரிக், டி.என்.ஏ. புகழ் வேறு. நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், அல்லது படுத்திருப்பேன். ராமச்சந்திரன் வேறொரு கேள்வி கேட்டார்: அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதைத் துருவிப் போனதன் பலனாக, 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இருவரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளையலாம், எதில் வளையாது என்பதற்கு ஒரு வரைபடமே போட்டுவிட்டார். இன்று உலகில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது செல் சவ்வில் பதிந்திருக்கும் புரதமானாலும், இந்தச் 'சென்னை வரைபட'த்தில்தான் சரிபார்க்கிறார்கள்.

1994ல் கொலாஜன் மாதிரிப் படிகமொன்றைத் துல்லியமாகப் பார்த்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. சங்கிலிகளுக்கிடையே தண்ணீர் மூலக்கூறுகளும் பாலம் போட்டிருந்தன. தண்ணீர்ப் பாலம் உண்டு என்று 1968லேயே எழுதியவர் ராமச்சந்திரன்.

2001ல் அவர் சென்னையில் காலமானார். திண்ணைப் பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டார். கங்காரு வால் கதையை அவரிடம் சொல்லியிருந்தால், "அதுல எத்தனை இழை, தம்பி?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.