பெலுமுட் அடிவாரத்து இலைகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில் 1,010 மீட்டர் உயர்ந்து நிற்கிறது குனோங் பெலுமுட். மலை முழுக்கக் கருங்கல். நிலத்தடியில் தீக்குழம்பு இறுகி உண்டான பாறையில் இலைச்சுவடு தங்காது. ஆனால் ஜொகூரின் தொல்தாவரங்களைப் பற்றி எதைப் படித்தாலும் அடிக்குறிப்பு இந்த மலையைத்தான் காட்டியது. அது எப்படி என்று தேடத் தொடங்கினேன்.

மூலக் கட்டுரை இன்றைய எழுத்துக்கூட்டலில் எளிதில் சிக்கவில்லை. 1972இல் மலாய் எழுத்துமுறை திருத்தப்படுவதற்கு முன்பே அச்சானது அது. மலையும் மாநிலமும் பழைய பெயர் வடிவில் இருக்கின்றன. வெளிவந்த இடம் தோக்கியோ தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தின் 1971ஆம் ஆண்டு இதழ். எழுதியவர்கள் மூவர்: கொன்னோ, அசாமா, எஸ். எஸ். ராஜா. முதல் இருவரும் ஜப்பானியத் தொல்தாவர அறிஞர்கள். ராஜா மலேசிய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்.

தலைப்பிலேயே விடை இருந்தது. அவர்கள் விவரித்தது மலையை அல்ல, மலைப்பகுதியின் 'லிங்கியு' தாவரங்களை. இன்று நீர்த்தேக்கத்தால் அறியப்படும் அதே லிங்கியு. இலைகள் பதிந்திருந்தது கருங்கல்லைச் சுற்றியுள்ள படிவுப் பாறைகளில். காலம் பெர்மியன் பிற்பகுதி, அதாவது 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்.

என்னை உலுக்கியது அவற்றின் உறவுமுறை. அதே பெர்மியன் காலத்தைச் சேர்ந்த, இந்தியாவின் ராணிகஞ்ச் நிலக்கரியில் மண்டிக்கிடப்பது குளோசோப்டெரிஸ். தெற்குப் பெருங்கண்டமான கோண்டுவானாவின் அடையாளம். லிங்கியு இலைகளோ கத்தேசிய இனம், தென்சீனத்துக் காடுகளின் சொந்தம். அந்தக் கத்தேசியக் காடுகளில் செழித்த ஜைகாண்டாப்டெரிட் இலையைப் பாருங்கள்: நடுநரம்பு, அதிலிருந்து கிளைகள், கிளைகளுக்கு இடையே நுண்வலை. பூக்கும் செடியின் இலை என்றே கண் சாதிக்கும். பூ தோன்றவோ இன்னும் பல கோடி ஆண்டுகள் இருந்தன.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்கே, லங்காவியில், பனிப்பாறை மிதந்து வந்து கடலடியில் உதிர்த்த கற்கள் கிடைக்கின்றன. குளிர்ந்த கோண்டுவானா ஓரத்தின் சாட்சி அவை. கிழக்கே, லிங்கியு இருக்கும் பக்கத்தில், வெப்பமண்டலக் காடு. இந்த இரண்டு நிலத்துண்டுகளுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது; அது மூடிய தழும்புதான் பெந்தோங், ரவூப் வழியாக ஓடும் பாறைப் பட்டை. தீபகற்பம் இரண்டு துண்டுகள் இணைந்து உருவானது என்ற வாதத்துக்கு லிங்கியு இலைகள் முக்கியச் சான்றுகளில் ஒன்று.

பின்வந்த கட்டுரைகள் 'கொன்னோ மற்றும் பிறர்' என்று சுருக்கிவிட, ராஜாவின் பெயர் அந்தப் 'பிறருக்குள்' மறைந்துபோகிறது. இது எனக்கு உறுத்துகிறது. 1979இல் சுங்கை செடிலிப் பகுதியின் பெர்மியன் ஃபியூசுலினிட்கள் பற்றிய கட்டுரை வந்தது. நெல்மணி போன்ற ஓடுகள், ஒவ்வொன்றும் ஒற்றைச் செல் உயிரி கட்டியது. அங்கும் இரு ஜப்பானியர்களுக்கு நடுவே ராஜா. பெலுமுட் வட்டாரத்தின் நிலவியலையும் கனிம வளத்தையும் விவரிக்கும் நூல் 1986இல் வந்தது. அதன் அட்டையில் அவர் பெயர் மட்டும்.