தாடை உறுதி (குத்துச்சண்டை)

தலையில் விழும் பலத்த குத்தை வாங்கிக்கொண்டு, நிலைகுலையாமல் சண்டையைத் தொடரும் திறனே குத்துச்சண்டையில் தாடை உறுதி எனப்படுகிறது. அடி தாங்குபவரை ‘இரும்புத் தாடை’ என்றும் எளிதில் சாய்பவரைக் ‘கண்ணாடித் தாடை’ என்றும் ரசிகர்கள் முத்திரை குத்திவிடுவார்கள். ஒரே குத்தில் ஆட்டம் முடியக்கூடிய ஹெவிவெயிட் பிரிவில்தான் இந்தப் பேச்சு அதிகம். அவசரத் தீர்ப்புகளும் இங்கேதான் அதிகம்.

பெயரில் தாடை இருந்தாலும் அடி வாங்குவது மூளை. முகவாயின் பக்கவாட்டில் குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது, உள்ளிருக்கும் மூளை அதே வேகத்தில் உடன்திரும்ப முடியாமல் முறுக்கப்படுகிறது, நினைவு தப்புகிறது. கழுத்துத் தசை வலுவாக இருந்தால் இந்தத் திருப்பம் குறையும். வரும் குத்தைக் கண்டு உடலை இறுக்கிக்கொள்பவர் தப்பிக்கிறார். காணாத குத்துதான் சாய்க்கிறது. எலும்பின் வலிமைக்கு இதில் பெரிய பங்கில்லை. 1973 மார்ச்சில் கென் நார்ட்டனுடன் மோதியபோது முகமது அலியின் தாடை எலும்பே உடைந்தது. ஆனாலும் 12 ரவுண்டையும் நின்றே முடித்து, புள்ளிகளில்தான் தோற்றார்.

ஒருவரை மதிப்பிட அவருடைய வெற்றி தோல்விப் பட்டியல் மட்டும் போதாது. கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 தொழில்முறைச் சண்டைகளில் ஒருமுறைகூடத் தரையில் விழுந்ததில்லை. அலியுடன் இருமுறை மோதி இரண்டு முறையும் கடைசி மணி வரை நின்றார். ஆனால் 1967இல் ஜோ ஃபிரேசியரிடமும் 1970இல் ஜார்ஜ் ஃபோர்மனிடமும் அவர் நின்றபடியே அடி வாங்கிக்கொண்டிருந்தபோது ஆட்டம் நிறுத்தப்பட்டது. பட்டியலில் அவை ‘தொழில்நுட்ப நாக்-அவுட்’ தோல்விகள். விட்டாலி கிளிச்கோவின் கதையும் இதுபோன்றதே. அவருடைய இரண்டு தோல்விகளில் ஒன்று தோள் காயத்தால் வந்தது (2000, கிறிஸ் பர்ட்). மற்றொன்று கண்ணருகே ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் வந்தது (2003, லெனாக்ஸ் லூயிஸ்). இரண்டிலும் புள்ளிகளில் அவரே முந்தியிருந்தார். தொழில்முறை வாழ்வில் அவரும் விழுந்ததே இல்லை.

விழாதிருப்பது ஒன்று, விழுந்து எழுவது வேறொன்று. 1979இல் எர்னி ஷேவர்ஸின் வலக்கைக் குத்தில் ஏழாவது ரவுண்டில் பலமாக விழுந்த லாரி ஹோம்ஸ், எழுந்து நின்று 11ஆவது ரவுண்டில் வென்றார். ஷேவர்ஸின் கை எத்தகையது என்பதை அறிந்தவர் யாரும் இதை ஹோம்ஸின் பலவீனமாக எழுதமாட்டார்கள். ஃபிளாய்ட் பேட்டர்சன் எதிர்முனை: 1959இல் இங்கெமார் யோஹான்சனிடம் மூன்றாவது ரவுண்டில் மட்டும் ஏழு முறை விழுந்தார். எளிதில் விழுபவர்தான், ஆனால் எழுந்துகொண்டே இருந்தவர்.

களைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்த ஃபோர்மன், அதற்குள் ஏராளமான குத்துகளை வீசி ஓய்ந்திருந்தார். அதே ஃபோர்மன் 1991இல், 42 வயதில், எவாண்டர் ஹோலிஃபீல்டின் குத்துகளை 12 ரவுண்டும் விழாமல் தாங்கினார். வயது கூடியபின் தாடை உறுதிப்பட்டுவிட்டதா? மூச்சைச் சேமிக்கக் கற்றிருந்தார் என்பதே பொருத்தமான விளக்கம்.

மிகச் சிக்கலானது விளாடிமிர் கிளிச்கோவின் கணக்கு. 2003இல் கோரி சாண்டர்ஸும் 2004இல் லாமன் ப்ரூஸ்டரும் அவரை வீழ்த்தியபோது கண்ணாடித் தாடை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பயிற்சியாளர் இமானுவல் ஸ்டீவர்ட்டின் வழிகாட்டலில் அவர் நீண்ட இடக்கை ஜாபால் எதிராளியைத் தள்ளியே வைத்தார், நெருங்கியவரைக் கட்டிப்பிடித்தார். 2015 வரை தோற்கவில்லை. தாடை மாறவில்லை, அது சோதிக்கப்படுவதுதான் குறைந்தது. இருந்தாலும் 2005இல் சாமுவேல் பீட்டரிடம் மூன்று முறை விழுந்தும் புள்ளிகளில் வென்றதை அவரை இகழ்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். லெனாக்ஸ் லூயிஸுக்கும் இதே அநீதி நடக்கிறது. ஆலிவர் மெக்காலிடமும் (1994) ஹசிம் ரஹ்மானிடமும் (2001) ஒற்றை வலக்கைக் குத்தில் வீழ்ந்ததே பேசப்படுகிறது. டேவிட் டுவா, விட்டாலி போன்ற வன்கையர்களுக்கு முன் அவர் நின்றது பேசப்படுவதில்லை.

இந்தத் திறன் செலவாகித் தீரக்கூடியது. அடி தாங்குபவர் என்று பெயரெடுத்தவரின் சண்டையை நிறுத்த நடுவரும் தயங்குவார், பயிற்சியாளரும் தயங்குவார். அலி ஃபோர்மன், ஃபிரேசியர், ஷேவர்ஸ் என்று வரிசையாகத் தாங்கினார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. அடிகளுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஜெரி குவாரி விஷயத்தில் ஐயமில்லை: தலையில் வாங்கிய குத்துகளால் மூளை சிதைந்து 1999இல் 53 வயதில் இறந்தார்.

தயங்காத பயிற்சியாளரும் உண்டு. 1975இல் அலியுடன் நடந்த மணிலா சண்டையில் ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. கடைசி ரவுண்டுக்கு முன் பயிற்சியாளர் எடி ஃபட்ச், அவர் மறுத்தும் கேளாமல் ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிரேசியரின் தாடையை எடைபோடும்போது அந்தத் தோல்வியைச் சேர்க்கக் கூடாது.