70,000 டாலரிலிருந்து 90 விநாடி வரை

கணினி செய்யப் போகிறவர்கள் 'கணினி' என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. 1957-இல் முதலீடு கேட்கப் போன இரண்டு இளம் பொறியாளர்களுக்குக் கிடைத்த முதல் அறிவுரை இது. கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். டிரான்சிஸ்டரில் ஓடும் கணினியைக் கட்டத் தெரியும். கம்பெனிக் கணக்கு தெரியாது. லாப நட்டக் கணக்கை எப்படி எழுதுவது என்று பார்க்க லெக்சிங்டன் ஊர் நூலகத்தில் போய்ப் பொருளாதாரப் புத்தகங்களைப் புரட்டியதாக ஓல்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் போய் நின்ற இடம் பாஸ்டனில் இருந்த 'அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்'. ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டோரியோவின் தலைமையில் வளர்ந்த முதலீட்டு நிறுவனம். இயக்குநர் குழுவின் முன்னால் அனுப்புவதற்கு முன்பு அங்கிருந்தவர்களே இவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். கணினித் தொழிலில் யாரும் காசு பார்க்கவில்லை என்று 'ஃபார்ச்சூன்' பத்திரிகை எழுதியிருக்கிறது, அதனால் அந்தச் சொல் வேண்டாம். 5 சதவீத லாபம் என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், 10 என்று சொல்லுங்கள். லாபம் சீக்கிரமே வரும் என்றும் சொல்லிவிடுங்கள். குழுவில் பெரும்பாலோர் 80 வயதைத் தாண்டியவர்கள்.

மூன்றில் கடைசிதான் கெட்டிக்கார அறிவுரை. இயந்திரத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பதை மட்டும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இருவரும் சொன்னபடி கேட்டார்கள். கணினியை ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வகங்களுக்கு விற்கக்கூடிய மின்னணுச் சுற்றுப் பலகைகளைப் பற்றிப் பேசினார்கள். 70,000 டாலர் கிடைத்தது. பதிலுக்கு நிறுவனத்தில் 70 சதவீதப் பங்கு போனது. மேனார்டு என்ற ஊரில் பழைய கம்பளி ஆலை ஒன்றில் இடம் வாடகைக்கு எடுத்து 'டிஜிட்டல் எக்விப்மென்ட்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் கணினியும் வெளிவந்தது. அதற்கு வைத்த பெயர் பி.டி.பி.-1; விரித்துச் சொன்னால் 'புரோகிராம்டு டேட்டா புராசசர்'. அப்போதும் கணினி என்று சொல்லிவிடவில்லை. அந்த 70,000 டாலரின் மதிப்பு பின்னாளில் 35 கோடி டாலரைத் தாண்டியது.

அன்று முதலீடு கேட்டுப் பேசும் 'பிட்ச்' பூட்டிய அறைக்குள் பெரியவர்கள் முன்னால் நடந்த விவகாரம். கல்லூரி மேடைக்கு வர இன்னொரு தலைமுறை ஆனது. சட்ட மாணவர்கள் பொய் வழக்குக்கு மெய்யாக வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம் (மூட் கோர்ட்), ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு யோசனை கொடுத்தது. 1984-இல் 'மூட் கார்ப்' பிறந்தது: மாணவர்கள் தொழில் திட்டத்தை எடுத்துவைப்பார்கள், முதலீட்டாளர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து குடைவார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1987-இல், பவர்பாயின்ட் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு ஸ்லைடு இல்லாத பிட்ச் உலகத்தில் அருகிப்போனது. அது நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு.

எம்.ஐ.டி.யில் போட்டி தொடங்கியது 1990-இல். பொறியாளர்கள் பக்கமிருந்து ஒரு மாணவர் மன்றமும், அதே வளாகத்து ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியிலிருந்து இன்னொன்றும் கைகோத்து நடத்தின. பரிசு 10,000 டாலர், போட்டியின் பெயரும் அதுவே. 1996-இல் 50,000, 2006-இல் 1,00,000. பரிசு ஏற ஏறப் பெயரும் ஏறியது. ஆனால் போட்டி செய்த பெரிய காரியம் பணம் கொடுத்தது அல்ல. ஒரே வளாகத்தில் இருந்தும் முகம் பார்க்காத இரண்டு கூட்டத்தை ஒரே மேசையில் உட்கார வைத்தது.

1998-ஆம் ஆண்டுப் போட்டியைப் பார்த்தால் இது விளங்கும். இணையத்தில் கூட்டம் கூடும்போது பக்கங்கள் திறக்காமல் திணறுவது அன்று பெரிய தலைவலி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இந்தச் சிக்கலைத் தம் எம்.ஐ.டி. சகாக்களிடம் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தார். கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய ஆய்வு மாணவர் டேனியல் லெவினும் அதைக் கையில் எடுத்தார்கள். ஒரு பக்கத்தின் நகல்களை உலகெங்கும் பல சர்வர்களில் பரப்பி வைக்க வேண்டும். ஒரு சர்வர் படுத்துவிட்டாலோ புதிதாக ஒன்று வந்து சேர்ந்தாலோ மொத்தத்தையும் கலைத்து அடுக்காமல், கொஞ்சத்தை மட்டும் இடம் மாற்றினால் போதும் என்கிற கணிதம் அவர்களுடையது. 1997-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கட்டுரையைப் படித்துக் கணிதம் தெரிந்தவர் தலையாட்டுவார். காசு வைத்திருப்பவர் 'இதை யார் வாங்குவார்?' என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஸ்லோன் மாணவர்கள் குழுவில் சேர்ந்தார்கள். போட்டிக்குத் தயாரித்த திட்டத்தில்தான் தேற்றம் முதல்முறையாகச் சரக்கானது.

இறுதிச் சுற்றுவரை போனார்கள். பரிசு கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு ஜெயித்தது 'டைரக்ட் ஹிட்'. தேடல் முடிவுகளில் எதை மக்கள் அதிகம் கிளிக் செய்கிறார்கள் என்பதைக் கவனித்து வரிசையை மாற்றும் தேடுபொறி. நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. கேட்ட மாத்திரத்தில் புரிகிற யோசனை அது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'ஆஸ்க் ஜீவ்ஸ்' நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. டாட்காம் சரிவில் ஆஸ்க் ஜீவ்ஸ் பங்கின் விலை அந்த ஆண்டுக்குள்ளேயே கரைந்தது. தோற்ற அணி 'அகமாய்' ஆனது. 1999 அக்டோபரில் 26 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாள் முடிவில் 145 டாலருக்கு நின்றது. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டு உலக வர்த்தக மையத்தில் மோதிய விமானங்களில் முதலாவதில் லெவின் இருந்தார். அகமாய் இன்றும் இயங்குகிறது.

இந்தப் போட்டிகளின் வரலாற்றில் ஒன்று மட்டும் ஒரே திசையில் போயிருக்கிறது: பேசக் கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எம்.ஐ.டி. போட்டியின் முதல் கட்டத்தில் அது 90 விநாடி வரை இறங்கியது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய ஆய்வு மாணவர் போட்டிக்கு 3 நிமிடம், அசையாத ஒரே ஒரு ஸ்லைடு. 3 நிமிடக் கணக்கு வந்த கதை வேடிக்கையானது. அப்போது அங்கே கடும் வறட்சி. சீக்கிரம் குளித்து முடிக்க வீட்டுக் குளியலறைச் சுவர்களில் 3 நிமிட மணல் கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பல்கலைக்கழக அதிகாரி ஒருவருக்கு, ஆராய்ச்சியைச் சொல்லவும் இது போதுமே என்று தோன்றியது.

இந்தியாவில் 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் வேறு வழியில் போனது. இங்கே பிரச்சினையை மாணவர் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் அமைச்சகங்களும் துறைகளும் கொடுத்துவிடுகின்றன. அணிக்கு 6 பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கல்லூரிக்குள் உள்சுற்று முடிந்து, கொடுத்த வார்ப்புருவிலேயே பி.பி.டி. அனுப்ப வேண்டும், 2024 விதிப்படி தலைப்பையும் சேர்த்து 6 ஸ்லைடு. தேறிய மென்பொருள் அணிகளுக்கு 36 மணி நேரம் இடைவிடாத வேலை, நடுநடுவே மென்டர் சுற்று, ஜூரி சுற்று. ஆகவே தயாரிப்பும் மாறுகிறது. 'இப்படி ஒரு பிரச்சினை உண்டு' என்று நிரூபிக்க முதல் மூன்று ஸ்லைடைச் செலவழிப்பது வீண். பிரச்சினையை எழுதிக் கொடுத்த துறையிடமே அதை விளக்குவதுபோல் ஆகிவிடும். விவரம் தெரிந்த அணிகள் ஓடுகிற டெமோவை முதலில் காட்டுகின்றன. நெட் படுத்தால் காட்ட அதையே வீடியோவாகவும் எடுத்து வைத்துக்கொள்கின்றன. சீனியர் ஒருவரை ஜூரியாக உட்கார வைத்து, இருக்கிற சர்வரிலேயே இது ஓடுமா, பழைய பதிவேட்டிலிருக்கும் தகவலை யார் ஏற்றுவது, நீங்கள் படிப்பு முடிந்து போன பிறகு கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று துருவித் துருவிக் கேட்கச் சொல்கின்றன.