ஹோஸு நதியின் படகுப் பாதை

ஜப்பானின் புராதன ராஜதானியான கியோட்டோவுக்கு மேற்கே, தம்பா மலைகளில் பிறந்து, கமெயோகா சமவெளியில் சற்றே நிதானித்து, பின்பு செங்குத்தான பள்ளத்தாக்கினுள் புகுந்து பாறைக்குப் பாறை மோதி நுரைத்து, அரஷியாமாவின் அடிவாரத்தில் மறுபடியும் சாந்தமடையும் ஹோஸு நதியில், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் படகில் இறங்கிக் கடப்பது இன்று பிரசித்தி பெற்ற உல்லாசப் பிரயாணமாக விளங்குகிறது. செர்ரி மலரும் காலத்திலும் மேப்பிள் இலைகள் சிவக்கும் காலத்திலும் அந்தப் பள்ளத்தாக்கின் சௌந்தரியத்தில் மனத்தைப் பறிகொடாதவர் அரியர். ஆனால் அந்த நீர்வழி இயற்கை தானே திறந்துவிட்ட வழியன்று. மனிதர் பாறையைப் பிளந்து அமைத்த வழி.

794-ஆம் ஆண்டில் கியோட்டோ தலைநகராக நிர்மாணிக்கப்பட்ட காலந்தொட்டே, அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும் வேண்டிய மரங்கள் தம்பாக் காடுகளில் வெட்டப்பட்டு, தெப்பங்களாகப் பிணைக்கப்பட்டு, இந்நதியின் வழியே வந்து சேர்ந்தன. மரம் நனைந்தால் குற்றமில்லை. நெல்லும் தானியமும் கரியும் அப்படியல்ல. தெப்பத்தில் ஏற்ற முடியாத அவற்றைச் சுமையாகக் கட்டி, மலைக் கணவாயின் மேல் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. பக்கத்திலேயே நதி ஓடியும் பாரம் மலையேறிய இந்த நிலை நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது.

அதை மாற்றியவர் சுமினோகுரா ரியோயி. 1554-இல் பிறந்து, ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் அனுமதிப் பத்திரம் பெற்ற கப்பல்களை இன்றைய வியட்நாமின் பகுதியான அன்னாமுக்கு அனுப்பி வாணிபம் செய்த இந்தக் கியோட்டோ வர்த்தகர், மிமசாகா பிரதேசத்தின் ஆறொன்றில் தட்டையான அடிப்பாகமுள்ள படகுகள் ஆழமற்ற நீரிலும் பாரத்தோடு செல்வதைக் கண்டு, அத்தகைய படகு அங்கே செல்லுமானால் ஹோஸுவிலும் செல்லும் என்று நிச்சயித்து, அரசாங்கத்தின் சம்மதத்தைப் பெற்று, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, 1606-இல் வேலையைத் தொடங்கினார். அசைக்கக்கூடிய பாறைகளை வடமிட்டு இழுத்தார்கள். நீரினுள் மூழ்கிக் கிடந்தவற்றை, சாரத்தின் மேலிருந்து கூரிய கனத்த இரும்பை உயர்த்திப் போட்டு நொறுக்கினார்கள். நீருக்கு மேல் தலை நீட்டியவற்றைத் தீ மூட்டிப் பிளந்தார்கள். நதி அகன்று ஆழம் குன்றிய இடங்களில் கற்களை அடுக்கி ஒடுக்கி, நீரை ஆழப்படுத்தினார்கள். இத்தனை பிரயாசையும் சில மாதங்களிலேயே பூர்த்தியாயிற்று. போகும் படகுகளிடம் வசூலித்த சுங்கத்தால் ரியோயி தம் செலவை மீட்டார். தம்பாவின் விளைபொருள் தலைநகரின் வாசலுக்கே வந்தது.

அந்த நீர்வழியில் படகு இறங்குவது ஒரு வித்தை. ஏறுவது முழுக்க உடலுழைப்பு. முன்னணியத்தில் நிற்பவன் ஓடக்கோலைப் பாறையில் ஊன்றிப் படகைத் திருப்ப, நடுவில் இருப்பவன் துடுப்பு வலிக்க, பின்னணியத்தில் உள்ளவன் சுக்கானைப் பிடித்து வழி செலுத்த, மூவரின் சித்தமும் ஒன்றானால்தான் படகு சுழிகளைத் தப்பும். சரக்கை இறக்கிய பின்னரோ, படகோட்டிகள் கரையோரப் பாறைகளின்மேல் நடந்து, தோளில் வடமிட்டு, வெறும் படகை எதிர்நீரில் மேலே இழுத்துச் சென்றார்கள். தலைமுறை தலைமுறையாக வடம் உராய்ந்த பள்ளங்களும், ஓடக்கோல் ஊன்றித் தேய்ந்த குழிகளும் அப்பாறைகளில் இன்றும் காணப்படுகின்றன.

1899-இல் அப்பள்ளத்தாக்கின் வழியாகவே ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்குப் படகுகளின் தேவை குறையலாயிற்று; ஆயினும் மேஜி மன்னரின் அந்த யுகத்திலேயே யாத்திரிகர்கள் வரத் தலைப்பட்டதால் தொழில் அழியாமல் உருமாறிப் பிழைத்தது. இப்பொழுது படகுகள் லாரியில் ஏறி மேலே திரும்புகின்றன. ஆனால் நதியின் வேகம் மாறவில்லை: 2023 மார்ச் மாதத்தில் படகொன்று கவிழ்ந்து, படகோட்டிகள் இருவர் உயிர் நீத்தனர்.

ரியோயி பின்னர் ஃபூஜி நதியிலும் வழி திறந்து, கியோட்டோ நகரினுள் தகாசே கால்வாயையும் வெட்டுவித்து, 1614-இல் மறைந்தார். அரஷியாமாவின் மலைச்சரிவில் அவர் நிறுவிய தைஹிகாகு ஆலயத்தில், சுருட்டிய வடத்தின்மேல் அமர்ந்து, கல் பிளக்கும் கருவியைக் கையில் பற்றிய கோலத்தில் அவருடைய மர விக்கிரகம் இருக்கிறது. பட்டும் பொன்னும் அல்லாமல் வடமும் கருவியுமே அடையாளமாக ஒரு செல்வர் நினைக்கப்படுவது பெரும்பேறு. ஆனால் அந்த வடத்தை இழுத்த கைகளுக்கு விக்கிரகம் இல்லை; பெயரும் எஞ்சவில்லை. ஹோஸுவில் படகேறிச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர், மலர்களையும் மலைகளையும் கண்டு மகிழ்வதோடு, கரைப்பாறைகளிலுள்ள அப்பள்ளங்களையும் ஒருமுறை நின்று நோக்குவார்களாக. அந்த உழைப்பாளிகளுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.