நகர்ந்தது மரமா, நாமா?

வட்டக்கானலில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். அருகிலுள்ள மரம் ஒன்றைப் பாருங்கள். பத்தடி நகர்ந்து மீண்டும் பாருங்கள். தூரத்து மலையின் பின்னணியில் மரம் இடம் மாறித் தெரியும். நகர்ந்ததோ நாம்தான்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற உண்மையை உலகம் ஏற்றுக்கொண்ட வரலாறும் இப்படிப்பட்டதே.

1500-ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்தில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி, ஐந்து கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுவதாகக் கணித்தார். 1543-இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலோ பூமியும் சூரியனைச் சுற்றுகிறது என்றது. அவர் போலந்தில் ஒரு பேராலயக் குழுவின் உறுப்பினர்.

1610-இல் கலிலேயோ தொலைநோக்கியில் வெள்ளியின் பிறைகளைக் கண்டார். வெள்ளி சூரியனைச் சுற்றுவது உறுதியாயிற்று. ஆனால் நீலகண்டரின் அமைப்பிலும் வெள்ளி அப்படியே சுற்றும். எனவே பூமி நகர்கிறது என்பதற்கு இது மட்டும் போதவில்லை. "பூமி நகர்ந்தால் அருகிலுள்ள விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே?" என்ற கேள்வி நியாயமானதே.

கெப்ளர் 1609-இல் கோள்களின் பாதை நீள்வட்டம் என்றார். 1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விசையால் அதற்குக் காரணம் காட்டினார். அறிஞர் பலர் ஏற்றனர். விண்மீனின் நகர்வு 1838-இல்தான் பெசலால் அளந்து வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஹெண்டர்சன் ஆல்பா சென்டாரியின் நகர்வை வெளியிட்டார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்கும் குறைவு அது! இதே விண்மீன் ஓர் இரட்டை என்பதை 1689-இல் புதுச்சேரியிலிருந்து கண்டவர் இயேசு சபைக் குரு ரிஷோ.

இதற்கிடையில் திருச்சபையில் நடந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. யோசுவா நூலில் சூரியன் நின்ற பகுதியை எழுத்துக்கு எழுத்தாகப் பொருள்கொண்டவர்கள், 1616-இல் கோப்பர்நிக்கஸின் நூலை நிறுத்தி வைத்தனர். 1633-இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலிருந்து இவை நீங்கியது 1835-இல். 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அன்றைய இறையியலாளர்களின் தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

வட்டக்கானலுக்கு அருகே, கொடைக்கானல் மலையில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் அங்குதான் கண்டறிந்தார். படைப்பை உற்று நோக்குவது படைத்தவரை மறுப்பதாகாது.

வீட்டிலும் பங்கிலும் மற்றவர் மாறிவிட்டார் என்று நாம் குறைகூறும்போது, நகர்ந்தது நாமாகவும் இருக்கலாம் அல்லவா? சிந்திப்போம்.